சி.ஆர்.ரி.சி.க்கு உங்கள் கருத்தை எழுதுவது எப்படி?

"முந்தி ஒரு மணி நேரம் தமிழ்ச் செய்தி போகும், இப்ப அரை மணிதான்." ரொறன்ரோவில் எந்த வீட்டுக்குப் போனாலும் தேநீரோடு சேர்ந்து இப்படி ஒரு குறையும் வரும். அதை எழுதி அனுப்ப ஓர் இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கனடாவில் வானொலி, தொலைக்காட்சி உரிமங்களைக் கவனிக்கும் ஆணைக்குழுவைச் சுருக்கமாக சி.ஆர்.ரி.சி. என்பார்கள். 1968இல் தொடங்கியது. அதற்கு யாரும் எழுதலாம். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணமும் இல்லை.

முதலில், உங்கள் குறை எந்த வகை?

நேற்று ஒலிபரப்பான ஒரு நிகழ்ச்சி உங்கள் சமூகத்தை இழிவுபடுத்தியது என்றால் அது முறைப்பாடு. தனியார் நிலையம் என்றால் பெரும்பாலும் கனடிய ஒலிபரப்புத் தரநிலைக் கழகம்தான் அதை விசாரிக்கும். இதில் தாமதிக்கக் கூடாது. நிலையங்கள் ஒலிப்பதிவை 4 வாரம்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டவை. "பொங்கல் முடியட்டும், எழுதுவோம்" என்று தள்ளிப்போட்டால் ஆதாரமே இல்லாமல் போய்விடும்.

ஒரு நிலையம் எந்த மொழியில் எத்தனை மணி நேரம் ஒலிபரப்ப வேண்டும், அதன் உரிமத்தைப் புதுப்பிக்கலாமா என்பதெல்லாம் கொள்கை சார்ந்த கேள்விகள். அவற்றுக்குத்தான் சி.ஆர்.ரி.சி. இந்தப் பதிவு இந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

உங்கள் பக்கம் இருக்கும் விதிகள்

1991ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம், நாட்டின் ஒலிபரப்பு முறை கனடிய சமூகத்தின் பல்பண்பாட்டு, பல்லின இயல்பைக் காட்ட வேண்டும் என்கிறது. அப்புறம் 1999இல் வந்த இனக்குழு ஒலிபரப்புக் கொள்கை. அதன்படி இனக்குழு நிலையம் என்று உரிமம் பெற்ற ஒன்று, தன் நிகழ்ச்சிகளில் குறைந்தது 60 சதவீதத்தை இனக்குழுக்களுக்காகவும், குறைந்தது 50 சதவீதத்தை 'மூன்றாம் மொழி'களிலும் தர வேண்டும். ஆங்கிலமோ பிரெஞ்சோ கனடாவின் பூர்வகுடி மொழியோ அல்லாதது மூன்றாம் மொழி. தமிழ் அதில் அடக்கம்.

மொழிக் கணக்கு எப்படி உரிமத்தில் ஏறுகிறது என்பதற்கு பல மொழிகளில் ஒளிபரப்பும் ஓம்னி தொலைக்காட்சி நல்ல உதாரணம். 2015இல் அதன் உரிமையாளரான ரொஜர்ஸ் நிறுவனம் பிறமொழிச் செய்திகளை நிறுத்தியது. 2017இல் ஓம்னிக்கு நாடு முழுவதும் கட்டாய விநியோகமும் (கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் தங்கள் அடிப்படைத் தொகுப்பில் அதைச் சேர்த்தே ஆக வேண்டும்), சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 12 சதமும் கிடைத்தன. பதிலுக்கு இத்தாலியம், மாண்டரின், கன்டனீஸ், பஞ்சாபி ஆகிய மொழிகளில் தினசரிச் செய்தி தர வேண்டும் என்று நிபந்தனை. அந்த நான்கில் தமிழ் இல்லை.

கோப்பைக் கண்டுபிடித்தல்

ஆணைக்குழுவின் இணையதளத்தில் திறந்திருக்கும் விசாரணைகளின் பட்டியல் இருக்கும். நிலையத்தின் பெயரைத் தேடுங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு கோப்பு இருக்கும். அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத கடிதம் முகவரி இல்லாத கல்யாணப் பத்திரிகை மாதிரி. பொது விசாரணை இல்லாமல் எழுத்திலேயே முடியும் 'பார்ட் 1' எனப்படும் விண்ணப்பங்களுக்குக் கருத்து எழுத வழக்கமாக 30 நாள் அவகாசம். அந்த நாளுக்குள் அனுப்பினால் போதாது, அவர்கள் கையில் கிடைத்திருக்க வேண்டும். கடைசி நேரம் வன்கூவரில் மாலை 5 மணி, அதாவது ரொறன்ரோவில் இரவு 8.

எழுதுதல்

கோயில் வாசலில் ஒரே வாசகத்தில் நூறு கையெழுத்து வாங்கி அனுப்புவது நம்மவர் வழக்கம். தவறில்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. உங்கள் வீட்டில் நடப்பதை நீங்களே எழுதிய ஒரு பக்கத்துக்குத்தான் என் வாக்கு. மாதிரிக்கு:

"1. இந்த உரிமப் புதுப்பித்தலை நிபந்தனையோடு ஆதரிக்கிறேன்.
2. என் தாயாருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பனிப்புயல் எச்சரிக்கையும் தடுப்பூசி விவரமும் இந்த வானொலி வழியாகத்தான் அவரை எட்டுகின்றன.
3. வார நாட்களில் மாலைச் செய்தி ஒரு மணியிலிருந்து அரை மணியாகிவிட்டது. மிச்ச நேரத்தில் பாட்டு போகிறது.
4. உள்ளூர்ச் செய்திக்குக் குறைந்தபட்ச நேரத்தை உரிம நிபந்தனையாக விதிக்கக் கோருகிறேன்."

மூன்றாவது பத்தியைப் பாருங்கள். எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு குறைந்தது என்று சொல்கிறது. இரண்டு வாரம் ஒரு கொப்பியில் குறித்துவைத்தால் இதை யாரும் எழுதலாம். நான்காவது, ஆணைக்குழுவால் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறது. "தமிழை வாழ வையுங்கள்" என்று எழுதினால் அவர்கள் என்னதான் செய்வார்கள்?

பத்திகளுக்கு எண் போடச் சொல்வது அவர்கள்தான். ஐந்து பக்கத்தைத் தாண்டினால் சுருக்கமும் கேட்பார்கள். ஆதரவா, எதிர்ப்பா, வெறும் கருத்தா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பொது விசாரணை நடக்கும் கோப்பு என்றால், நேரில் பேச விருப்பமா, ஏன் என்பதை முதல் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். கடிதம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கட்டும். மூன்றாம் மொழிக்காக வாதாட முதல் இரண்டு மொழிகளில் ஒன்று தேவைப்படுகிறது, என்ன செய்ய! வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வையுங்கள்.

அனுப்புதல்

இணையப் படிவமே எளிது. பார்ட் 1 விண்ணப்பமாக இருந்தால் விண்ணப்பதாரருக்கும், அதாவது விண்ணப்பித்த நிலையத்துக்கும், ஒரு பிரதி அனுப்ப வேண்டும். இதைத்தான் முதல்முறை எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று: நீங்கள் எழுதியது பொதுப் பதிவில் ஏறும், யாரும் தேடிப் படிக்கலாம். அம்மாவின் நோய் விவரம், அயலவரின் பெயர் போன்றவற்றை எடுத்துவிடுங்கள்.

பிறகு விண்ணப்பதாரர் பதில் எழுதுவார். அதையும் அதே கோப்பில் படிக்கலாம். தீர்ப்பு வர மாதங்கள் ஆகும். வந்ததும் முடிவுக்குத் தாவாமல், வந்த கருத்துகளைப் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். நீங்கள் சொன்ன அரை மணி நேரக் கணக்கு அங்கே வந்திருக்கிறதா, நிலையம் அதற்கு என்ன சாக்குச் சொன்னது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். அடுத்த புதுப்பித்தலுக்கான கடிதத்தை அந்தச் சாக்கிலிருந்தே தொடங்கலாம்.