ராலிக்குள் வர இடது சீட்டிலிருந்து தொடங்குங்கள்

ராலியில் ஆர்வம் வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கார் எடுக்கலாம்?" என்பதுதான். காரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ராலி கார் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் கார். வலது சீட்டில் இருப்பவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார், இடது சீட்டில் இருக்கும் நேவிகேட்டர் வரப்போகும் சாலையைப் படித்துச் சொல்கிறார். குறைந்த செலவில் இந்த விளையாட்டை அடி முதல் நுனி வரை தெரிந்துகொள்ள வேண்டுமானால் இடது சீட்டுதான் சரியான இடம். நான் கோயம்புத்தூர்க்காரன். வார நாளில் பம்ப்செட் உதிரிபாகம் கடையும் பட்டறை. ராலி நடக்கும் வார இறுதியில் நேவிகேட்டர், கார் கிடைக்காத வாரத்தில் பாதையோரம் நின்று பாதுகாப்பும் நேரமும் பார்க்கும் மார்ஷல்.

எங்கள் ஊரில் இந்தப் பித்து பழையது. நரேன் கார்த்திகேயனை எஃப்1 ஓட்டியவராக எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் சவுத் இந்தியா ராலியை ஏழு முறை வென்றவர் என்பது பலருக்குத் தெரியாது. தேசிய சாம்பியன் லீலாகிருஷ்ணனும் இந்த ஊர்க்காரர்தான். தேசிய ராலி சாம்பியன்ஷிப் 1988இல் தொடங்கியது. அதன் சுற்றுகளில் ஒன்று கோவையிலேயே நடந்துவருகிறது. அதனால் இங்கே டீக்கடையில்கூட சஸ்பென்ஷன் பற்றிப் பேச ஆள் கிடைக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு அடிப்படை மட்டும் சொல்லிவிடுகிறேன். சர்க்யூட் ரேஸ்போல எல்லாக் காரும் ஒன்றாகக் கிளம்பாது. மூடப்பட்ட சாலையில், ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இடைவெளி விட்டு, ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். அந்தச் சாலைதான் ஸ்பெஷல் ஸ்டேஜ். எல்லா ஸ்டேஜ் நேரங்களையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போவது சாதாரண ரோட்டில். அங்கே சிக்னலில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் டைம் கன்ட்ரோல் என்ற நேரம் பதியும் இடத்துக்குச் சொன்ன நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் நிமிடத்துக்கு 10 விநாடி அபராதம். முன்கூட்டியே உள்ளே போய்விட்டால் நிமிடத்துக்கு ஒரு முழு நிமிடம். அந்தக் கணக்கு நேவிகேட்டருடைய பொறுப்பு.

முதலில் போய்ப் பாருங்கள்

பல்லடம் பக்கம் கேத்தனூர் காற்றாலைகளுக்கு நடுவே ஸ்டேஜ் நடக்கும்போது வந்து பாருங்கள். திறந்த நிலம், தூரத்திலேயே கார் வருவது தெரியும். காற்று குறுக்கே அடித்தால் தூசி விலகிவிடும். காற்று நின்றால் முன்னால் போன காரின் புழுதி அப்படியே தொங்கும், பின்னால் வருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற நிலைதான். சிக்கமகளூரு வேறு உலகம். காப்பித் தோட்டத்துக்குள் குறுகிய மண்பாதை, பக்கத்திலேயே மரம், மழை பெய்தால் சேறு. இரண்டையும் பார்த்தவருக்கு, ஒரே டிரைவர் ஏன் ஓரிடத்தில் பறக்கிறார், இன்னோரிடத்தில் தடுமாறுகிறார் என்பது புரிந்துவிடும்.

எங்கே நிற்பது என்பதில் விளையாட வேண்டாம். 1986 போர்ச்சுகல் ராலியில் சிந்த்ரா பக்கம் ஒரு ஃபோர்ட் ஆர்எஸ்200 கட்டுப்பாடு இழந்து, சாலை விளிம்பிலேயே நின்ற கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இரண்டு மாதம் கழித்து கோர்சிகாவில் ஹென்றி தொய்வோனனும் அவருடைய நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும் உயிரிழந்தார்கள். இவை குரூப் பி என்ற அதிவேகப் பிரிவைச் சேர்ந்த கார்கள், அந்தப் பிரிவு அந்த ஆண்டோடு நிறுத்தப்பட்டது. இவ்வளவு நடந்த பிறகும் வளைவின் வெளிப்பக்கம் போனோடு நிற்பவர்களைப் பார்க்கிறேன். வெளிப்பக்கம் வேண்டாம். சாலையைவிட உயரமான மேடாகப் பாருங்கள், பின்னால் ஓட இடம் இருக்க வேண்டும். உட்காராதீர்கள், உட்கார்ந்தவர் எழுந்து ஓட நேரம் போதாது. மார்ஷல் விசில் ஊதினால் கார் வருகிறது என்று அர்த்தம். போட்டிக் கார்களுக்கு முன்னால் ட்ரிபிள் ஜீரோ, டபுள் ஜீரோ, ஜீரோ என்ற கார்கள் பாதையைச் சோதித்துக்கொண்டு போகும். கடைசியில் ஸ்வீப்பர் வரும். ஸ்வீப்பர் போகும் வரை சாலையில் கால் வைக்கக் கூடாது. கார் கவிழ்ந்தால் தூக்கி நிறுத்த ஓடத் தோன்றும், நம் ஊர்க் குணம் அப்படி. ஆனால் அடுத்த கார் ஒரு நிமிடத்தில் அதே வளைவுக்கு வரும். மார்ஷல் சொன்னால் மட்டும் போங்கள்.

அப்புறம் மார்ஷலாக நில்லுங்கள்

ஸ்டேஜை நடத்த நிறைய ஆள் வேண்டும், அதனால் கிளப்புகள் தன்னார்வலர்களைத் தேடிக்கொண்டே இருக்கும். சென்னையில் 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் அவர்களுடையது. கோவையிலும் கிளப்புகள் உண்டு. ராலி தேதி அறிவித்தவுடன் பெயர் கொடுத்தால் முன்கூட்டியே பயிற்சி வகுப்பு வைப்பார்கள். விடியுமுன் போய் வெயில் சாயும் வரை ஒரே இடத்தில் நிற்க வேண்டிவரும். தொப்பி, தண்ணீர், பழம், மூக்கை மூட ஒரு துணி எடுத்துப் போங்கள்.

கேட்டு வாங்க வேண்டிய இடம் ஸ்டேஜ் முடிவு. மஞ்சள் பலகை தாண்டி, பறக்கும் வேகத்தில் முடிவுக்கோட்டைக் கடந்து, சற்றுத் தள்ளி ஸ்டாப் கன்ட்ரோலில் கார் நிற்கும். அங்கே டைம் கார்டில் நேரம் எழுதிக் கொடுப்பது மார்ஷலின் வேலை. கண்ணாடி இறங்கியவுடன் உள்ளே இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். "ரைட் த்ரீ இல்லைங்க அது, டூ. அடுத்த லூப்புக்கு மாத்திடுங்க" என்று டிரைவர் சொல்லும்போதே நேவிகேட்டர் பென்சிலால் திருத்தியிருப்பார். அந்த எண் வளைவின் இறுக்கம், லூப் என்பது அதே ஸ்டேஜ்களை மறுபடி ஓடும் சுற்று. நல்ல ஜோடி எப்படி இருக்கும் என்பதை நான் கற்றது அந்த மேசையில்தான்.

டிஎஸ்டி: கடிகாரத்தோடு பழகுங்கள்

அடுத்த படி டிஎஸ்டி ராலி. டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ் என்பதன் சுருக்கம். வேகம் இங்கே பெரிதில்லை, சொன்ன சராசரி வேகத்தில் சரியாகப் போவதுதான் போட்டி. வீட்டுக் கார் போதும், சாதாரண லைசென்ஸ் போதும். எந்தச் சந்திப்பில் எந்தப் பக்கம் என்பதை அம்புக்குறிப் படமாகப் போட்ட ரோட் புக் கையில் கொடுப்பார்கள். அந்தப் படங்களுக்கு ட்யூலிப் என்று பெயர், நெதர்லாந்தின் ட்யூலிப் ராலியிலிருந்து வந்தது.

கணக்கை எளிதாக்க ஒரு வழி சொல்கிறேன். மணிக்கு 36 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 600 மீட்டர். 30 என்றால் 500, 42 என்றால் 700. ஆக 36இல் 4.2 கி.மீ. இடத்துக்கு 7ஆவது நிமிடம், 12.6 கி.மீ. இடத்துக்கு 21ஆவது நிமிடம். ரோட் புக்கில் வரும் ஒவ்வொரு சந்திப்புக்கும் பக்கத்தில் முந்தின இரவே நிமிடத்தை எழுதிவிடுங்கள். வண்டி ஓடும்போது கழித்தல் மட்டும் இருக்கட்டும்.

உங்கள் காரின் ஓடோமீட்டரும் நடத்துபவரின் ஓடோமீட்டரும் ஒத்துப்போகாது. தொடக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தூரம் தருவார்கள். புக்கில் 10 கி.மீ., உங்கள் காரில் 10.3 என்றால் புக்கின் தூரத்தை 1.03ஆல் பெருக்குங்கள், 4.2 உங்களுக்கு 4.33 ஆகிவிடும். டயர் காற்றை அதற்குப் பிறகு மாற்றாதீர்கள், கணக்கு நகர்ந்துவிடும். ஓட்டுபவரிடம் பேசுவதிலும் பழக்கம் வேண்டும். "ஸ்லோ, ஸ்லோ" என்று கத்தினால் யாருக்கும் பயனில்லை. "அண்ணா, பன்னெண்டு செகண்டு முன்னாடி இருக்கோம், அடுத்த ஊருக்குள்ள சரியாயிடும்" என்று சொன்னால் அவர் பதறாமல் காலைத் தளர்த்துவார்.

பேஸ் நோட்ஸ்

ஸ்டேஜின் வளைவுகளை எழுதிவைத்து, ஓடும்போது டிரைவருக்குப் படித்துச் சொல்லும் குறிப்புகள் இவை. இதைத்தான் நான் மணிக்கணக்கில் பேசுவேன். ராலிக்கு முன் ரெக்கி என்று ஸ்டேஜை மெதுவாகச் சுற்றிப் பார்க்க விடுவார்கள், வழக்கமாக இரண்டு தடவை. முதல் தடவை டிரைவர் சொல்ல நேவிகேட்டர் எழுதுவார். இரண்டாம் தடவை நேவிகேட்டர் படிக்க, டிரைவர் சரிபார்ப்பார். வளைவுக்கு எண் கொடுப்பது பரவலான முறை: 1 மிக இறுக்கமானது, 6 ஏறத்தாழ நேர்ச்சாலை. தலைகீழாக வைப்பவர்களும் உண்டு, அதனால் புது டிரைவரோடு உட்காரும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். "ஹண்ட்ரட், லெஃப்ட் ஃபோர் லாங், டைட்டன்ஸ், இன்டு ரைட் த்ரீ, டோன்ட் கட்" என்றால் நூறு மீட்டர் தள்ளி நீளமான இடது வளைவு, போகப் போக இறுகும், உடனே வலது 3, உள் விளிம்பில் கல்லோ குழியோ இருக்கிறது, வெட்டிப் போகாதே. தமிழ் ஜோடிகளும் நோட்ஸை இப்படித்தான் படிப்பார்கள், சின்னச் சின்னச் சொற்கள் வாய்க்கு வேகமாக வரும்.

பென்சிலில் எழுதுங்கள், வியர்வையிலும் மழையிலும் மை கரையும். சுருள் கம்பி போட்ட நோட்டு, பெரிய எழுத்து, ஒரு பக்கத்துக்குக் குறைந்த வரிகள். பக்கத்தைத் திருப்பும் இடம் நேர்ச்சாலையில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு நடுவே காகிதம் ஒட்டிக்கொண்டால் டிரைவர் தனியாகிவிடுவார். நடுநடுவே அடையாளங்களைக் குறித்துவையுங்கள்: வேப்பமரம், கிணற்று மேடு, காற்றாலைத் தூணில் எழுதியிருக்கும் எண். இடம் தப்பினால் அதை மறைக்காமல் உரக்கச் சொல்லுங்கள், டிரைவர் கண்ணை நம்பி ஓட்டுவார், அடுத்த அடையாளத்தில் நீங்கள் சேர்ந்துகொள்ளலாம். குரல் ஒரே சீராக இருக்கட்டும். ஆபத்தான இடத்துக்கு மட்டும் குரலை உயர்த்தினால் அந்த உயர்வுக்கு மதிப்பு இருக்கும்.

பழக ராலி தேவையில்லை. ஆளில்லாத கிராமத்துச் சாலையில் நண்பரோடு சாதாரண வேகத்தில் போய் நோட்ஸ் எழுதுங்கள், திரும்பவும் அதே சாலையில் படித்துப் பாருங்கள். படிப்பது ஒரு வளைவு முந்தி இருக்கிறதா என்பதே சோதனை. பொதுச் சாலையில் வேகம் காட்டும் ஆசை இருந்தால் இந்த விளையாட்டுக்கு வராதீர்கள். குனிந்து படித்தால் குமட்டும். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை நிமிர்ந்து சாலையைப் பாருங்கள்.

வீட்டிலிருந்து பின்தொடர

உலக சாம்பியன்ஷிப்பைப் பார்க்கும்போது நேரத்தைக் கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி என்று மாற்றிப் பாருங்கள். 20 கி.மீ. ஸ்டேஜில் 10 விநாடி பின்தங்கினால் கி.மீ.க்கு அரை விநாடி, ஓட்டத்தில் உள்ள வேறுபாடு. 40 விநாடி என்றால் எங்கோ சுற்றிவிட்டிருக்கிறார். இரண்டு நிமிடம் என்றால் பெரும்பாலும் ஸ்டேஜுக்குள்ளேயே டயர் மாற்றியிருக்கிறார். மண் ராலியில் முதலாவதாகப் போகிறவர் தளர்ந்த ஜல்லியைத் துடைத்துக் கொடுப்பதால் பின்னால் வருபவருக்குப் பிடிமானம் கூடும், வரிசையையும் கணக்கில் எடுங்கள். இத்தனை தூரம் ஓடியும் 2011 ஜோர்டானில் பிரான்சின் செபாஸ்டியன் ஓஜியே வெறும் 0.2 விநாடியில் ஜெயித்தார். 2024 சார்டீனியாவில் அதே 0.2 விநாடியில் எஸ்டோனியாவின் ஓட் தாநாக்கிடம் தோற்றார்.

கென்யாவின் சஃபாரி ராலியைத் தவறவிடாதீர்கள். இந்திய வம்சாவளியினரான ஜோகிந்தர் சிங் அதை மூன்று முறையும் சேகர் மேத்தா ஐந்து முறையும் வென்றிருக்கிறார்கள். ஆசிய பசிபிக் ராலி பட்டத்தை 2013, 2016, 2017 ஆண்டுகளில் வென்ற கௌரவ் கில்லின் பழைய வீடியோக்களையும் பாருங்கள், அர்ஜுனா விருது பெற்ற முதல் மோட்டார் விளையாட்டு வீரர் அவர். 2022 ஐரோப்பிய சாம்பியன் எஃப்ரென் யரேனா ஓடியது நம் சென்னை எம்.ஆர்.எஃப். டயர் அணியில்.

ஸ்டேஜுக்குள் போவதானால்

டிரைவர், நேவிகேட்டர் இருவருக்கும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் போட்டி லைசென்ஸ் வேண்டும், மருத்துவச் சான்றும் கேட்பார்கள். ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ், தீப்பிடிக்காத உடை மூன்றிலும் விலை பார்க்காதீர்கள். சாதாரண கார் இன்சூரன்ஸில் ரேஸும் ராலியும் அடங்காது, டிஎஸ்டிக்கும் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். காரைப் புதிதாகக் கட்டுவதைவிட ஓடிக்கொண்டிருக்கும் ராலி காரை வாங்குவது மலிவு. ரோல் கேஜ் என்ற பாதுகாப்புக் கம்பிக் கூண்டு போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் ஊருக்குள் ஓட்டக் கூடாது, சின்ன இடியில்கூடத் தலை கம்பியில் மோதும்.

காரே இல்லாமலும் உள்ளே போகலாம். நேவிகேட்டர் கிடைக்காமல் அலையும் டிரைவர்கள் ஒவ்வொரு சீசனிலும் இருப்பார்கள், கார்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் பார்க்கில் நாலு பேரிடம் சொல்லிவைத்தால் போன் வரும். வந்ததும் சம்மதித்துவிடாதீர்கள். கேஜ் வெல்டிங்கை நேரில் பாருங்கள். சீட் பெல்ட்டில் காலாவதி ஆண்டு தைத்திருக்கும், அதைப் படியுங்கள். நுழைவுக் கட்டணம், தங்கும் செலவு யாருடையது என்று முன்பே பேசிவிடுங்கள். பிறகு ஒரு மாலை அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து நோட்ஸ் படியுங்கள். நீங்கள் இறுக்கமான வளைவு என்று சொல்லியும் கண்ணால் பார்த்த பிறகே பிரேக் பிடிக்கிறவர் என்றால், மரியாதையாக மறுத்துவிட்டு அடுத்த போனுக்குக் காத்திருங்கள்.