கேட் தேர்வு: சேலத்து மாணவர்கள் சான்றிதழிலிருந்து தொடங்குவது நல்லது

ஐ.ஐ.எம். நிறுவனங்களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் தேர்வு வழக்கமாக நவம்பர் இறுதியில் நடைபெறுகிறது. விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் முடிந்துவிடும். பட்டப்படிப்பில் 50 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45) வேண்டும்; இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். இணையத்தில் பதிவு செய்வது எளிது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதல் படி, இட ஒதுக்கீட்டுச் சான்றிதழ். பள்ளிக் காலத்திலிருந்து நம்மிடம் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசின் 27 சதவீத ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, இ-சேவை மையம் வழியாக ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரைக் கடந்து வட்டாட்சியரிடம் செல்வதால், ஜூன் மாதமே தொடங்கிவிடுவது நல்லது. சான்றிதழைப் பதிவின்போதே பதிவேற்ற வேண்டும். பிறகு பிரிவை மாற்ற இயலாது.

பெற்றோரின் ஆண்டு வருமானம் 8 லட்ச ரூபாயைத் தாண்டினால் ஓ.பி.சி. ஒதுக்கீடு கிடைக்காது; பலரும் தடுமாறுவது இந்த வருமான வரம்பில்தான். இந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய நில வருமானமும் சேராது. ஆனால் அவர்கள் வகிக்கும் அரசுப் பதவியின் நிலையும் நில அளவும் தனியே பார்க்கப்படும். 'அப்பாவின் சம்பளமே 9 லட்சம், எனக்குக் கிடைக்காது' என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவது வீண் இழப்பு.

இரண்டாவது படி, பயிற்சி. ஆங்கிலம், தரவு விளக்கமும் தர்க்கமும், கணிதம் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று குறையும், ஆனால் விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் குறையாது என்பதால் அவற்றை வெறுமனே விடாதீர்கள். என் கருத்தில், பயிற்சி மையங்களின் கனத்த புத்தகக் கட்டுகளைவிட முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களே மேல். அவற்றையும் கைப்பேசியில் அல்லாமல் கணினியில், திரையில் தோன்றும் கால்குலேட்டரைச் சுட்டெலியால் இயக்கிப் பழகுங்கள்; தேர்வறையில் இருப்பது அதுதான். கேட் இணையதளம் தேர்வுக்கு முன் வெளியிடும் மாதிரித் தேர்வையும் எழுதிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களிலிருந்து கேள்விகள் வந்ததால் இதைச் சேர்க்கிறேன். 1993-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணைப்படி மாந்தோப்பு விவசாய நிலமாகவே கருதப்படும். காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கோ வருமான வரம்பே அளவுகோல். ஆகவே கீழே மாந்தோப்பும் மலையில் காப்பியும் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே கணக்கில் காட்டக் கூடாது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மாணவர்களுக்கு இந்த வரம்பே கிடையாது. கோட்டாட்சியர் வழங்கிய எஸ்.டி. சான்றிதழைப் பதிவேற்றினால் போதும்.