புது டாக்டரைப் பார்க்கப் போகும் முன் மாத்திரை அட்டையைப் படம் எடுங்கள்

தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தை, மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே காலையா இரவா, எத்தனை என்று ஒரு துண்டுச்சீட்டில். "சுகருக்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது, ஏனென்றால் மெட்பார்மின் என்ற சுகர் மருந்து ஒன்றே பல கம்பெனிப் பெயர்களில், 500, 850, 1000 மில்லிகிராம் என்று வருகிறது. உள்ளே இருக்கும் மருந்து தெரிந்தால்தான் அதையே வேறு பெயரில் மறுபடி எழுதிக் கொடுக்காமல் இருப்பார். சித்த மருந்து, லேகியம், சத்து மாத்திரை இருந்தால் அதையும் எடுங்கள், நிறையப் பேர் அதை மருந்து என்றே கணக்கில் வைப்பதில்லை.

அட்டையைக் கத்தரித்து வைத்திருந்தாலோ, அரசு மருத்துவமனையில் உதிரியாகக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தாலோ இது உதவாது, டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய மருந்துச் சீட்டைத்தான் கொண்டுபோக வேண்டும். இன்சுலினுக்கும் படம் மட்டும் போதாது, எத்தனை யூனிட் போடுகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், நெஞ்சுவலி மாதிரி அவசரம் என்றால் படமெல்லாம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், மருந்து டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.