ஷட்டர் ஸ்பீடு கைக்கு வரணும்னா முதல்ல ஆட்டோவ விட்டு இறங்குங்க

சாரல் ஆரம்பிச்சா போதும், புதுசா கேமரா வாங்குன பயலுவ எல்லாம் குத்தாலத்துக்கு ஓடுதானுவ, ஆட்டோ மோடுலயே எடுத்துத் தள்ளிட்டு வந்து "என்னண்ணே, அருவி செல்போன்ல எடுத்த மாதிரியே இருக்கு"ன்னு கேக்கானுவ. இருக்கத்தான் செய்யும். ஓடுற தண்ணி நிக்கணுமா இழுபடணுமான்னு நீங்க சொல்லல, கேமரா அது போக்குல ஒரு ஷட்டர் ஸ்பீடப் போட்டுருக்கு, அம்புட்டுதான். ஷட்டர் ஸ்பீடுன்னா படம் எடுக்கும்போது கேமரா எம்புட்டு நேரம் வெளிச்சத்த உள்ள விடுதுங்கிறதுதான்.

மேல இருக்க டயல எஸ்ஸுக்குத் திருப்புங்க, ஸ்பீட நாம வைக்க, மத்தத கேமரா பாத்துக்கிடுற மோடு அது. நிக்கான், சோனில எஸ் (S), கேனான்ல அதே சங்கதிக்கு டிவின்னு (Tv) போட்டிருக்கும். ஸ்கிரீன்ல வெறும் 125ன்னு இருந்தா 1/125 செகண்டு, நம்பர் பக்கத்துல மேல ரெண்டு சின்னக் கோடு இருந்தா அது முழு செகண்டு, இத மட்டும் மாத்திப் புரிஞ்சுக்கிடாதிய. 1/125ல இருந்து 1/250க்குப் போனா உள்ள வர்ற வெளிச்சம் பாதியாயிரும், அத லென்ஸ் ஓட்டையப் பெருசாக்கியோ, வெளிச்சத்துக்குக் கேமரா காட்டுற உணர்திறனான ஐஎஸ்ஓவ ஏத்தியோ கேமராவே சரிக்கட்டிக்கிடும், அதனால ஐஎஸ்ஓவ இப்போதைக்கு ஆட்டோல விட்டுருங்க.

அருவிக்குப் போறதுக்கு முன்னால வீட்டுப் பொறவாசல் குழாயத் திறந்து விடுங்க, நல்ல வெயில் இருக்கணும். 1/2000ல எடுத்தா தண்ணி உதிரி உதிரியா, ஒவ்வொரு சொட்டும் தனியா தெரியும். 1/30க்கு இறக்குனா அதே தண்ணி கண்ணாடிக் கம்பி மாதிரி ஒத்தையா நிக்கும். நடுவுல உள்ள ஸ்பீடையும் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துட்டா பாதிப் பாடம் முடிஞ்சுது.

இப்ப குத்தாலம். எல்லாரும் 1 செகண்டு போட்டு தண்ணிய வழவழன்னு ஆக்கத்தான் பாக்காவ. எனக்கு மெயினருவில அது பிடிக்காது, ஏன்னா அங்க எப்பவும் ஆளு குளிச்சுட்டு நிப்பாவ, 1 செகண்டுல அவிய எல்லாம் கலைஞ்சு ஆவியாட்டம் வந்துருவாவ. 1/500 இல்ல 1/1000 போடுங்க. எண்ணெய் தேச்ச தலைல தண்ணி விழுந்து நாலாப்பக்கமும் தெறிக்கிறது, இறுக்கி மூடுன கண்ணு, கீழ இழுத்துருமோன்னு கம்பிய பிடிச்ச கை, இதெல்லாம் அப்பத்தான் கிடைக்கும். லென்ஸத் தொடைக்க காஞ்ச துணி கட்டாயம் வேணும்.

ஸ்லோ ஸ்பீடு வேணும்னா பாபநாசம் பக்கம் ஆத்துல பாறைக்கு ஊடால ஓடுற தண்ணியப் பிடிங்க. ட்ரைபாடு, 1/4ல இருந்து 1 செகண்டு, பட்டன அமுக்குற ஆட்டம் கூட வராம இருக்க 2 செகண்டு டைமர். உச்சி வெயில்ல போனா ஸ்கிரீன்ல எஃப் நம்பர், அதான் லென்ஸ் ஓட்டையோட அளவு, மினுக்கு மினுக்குன்னு மினுக்கும், வெளிச்சம் கூடிப்போச்சு இனி என்னால முடியாதுன்னு அர்த்தம். ஒண்ணு மேகம் போட்ட நேரமாப் பாத்துப் போங்க, இல்ல லென்ஸ் முன்னால வெளிச்சத்தக் கொறைக்கிற கருப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் மாட்டுங்க. என்டி 8 போட்டா 1/30ல எடுக்க வேண்டியத 1/4ல எடுக்கலாம்.

கைல பிடிச்சு எடுக்கும்போது லென்ஸ் எத்தன எம்எம்மோ அதுக்குக் கொறையாம ஸ்பீடு இருக்கட்டும், 200 எம்எம்னா 1/200, கேமராக்குள்ள படம் பதியுற சென்சார் சின்னதா இருந்தா 1/320. லென்ஸ்ல ஸ்டெபிலைசர் இருக்கேன்னு நம்பி ரொம்ப இறக்காதிய, அது உங்க கை ஆட்டத்தத்தான் பாத்துக்கிடும், ஓடுற பிள்ளைய நிறுத்தாது.

எந்த அசைவு தெளிவா வரணுமோ அத வச்சுத்தான் ஸ்பீடு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துல தேரு மெதுவாத்தான நகருதுன்னு 1/60 போட்டா தேரு நல்லா வந்துரும், வடம் இழுக்கவிய முகம் எல்லாம் மங்கலாயிரும், அங்க 1/500 வேணும். கூந்தன்குளத்துல மரத்துல உக்காந்திருக்க மஞ்சமூக்கு நாரைக்கு 1/250 போதும், சிறகடிச்சுக் கிளம்புச்சுன்னா 1/1600க்கு மேல. ஆனா பணகுடி, காவல்கிணறு பக்கம் காத்தாலைய 1/1000ல எடுக்காதிய, காத்து இல்லாம நிக்கிற மாதிரி இருக்கும், ட்ரைபாடுல வச்சு 1/8 போட்டுப் பாருங்க, இறக்கை சுத்துறது தெரியும்.

திருநெல்வேலி டவுண் ரதவீதில மினி பஸ் வரும்போது பேனிங், அதாவது ஓடுற வண்டியோட கேமராவையும் திருப்பிக்கிட்டே எடுக்கிறது, பழகலாம். 1/30 வச்சுக்கிட்டு, தூரத்துல வரும்போதே டிரைவர் தலைய ஃபோகஸ் பண்ணி, இடுப்போட திரும்பிக்கிட்டே பட்டன அமுக்கணும், அமுக்குன பொறவும் திரும்புறத நிறுத்தக்கூடாது. பஸ் தெளிவா, பின்னால உள்ள கடை எல்லாம் கோடா வரும். நெறய படம் வீணாப் போகும், பரவால்ல, ஃபிலிமா போவுது.

இன்னொண்ணு, கல்யாண மண்டபத்துல எல்ஈடி லைட்டுக்குக் கீழ 1/500, 1/1000ன்னு வச்சா படத்துல குறுக்க கருப்புப் பட்டை விழும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 சுத்து, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவன்னு பல லைட்டு செகண்டுக்கு 100 தடவ மின்னி அணையுது, கண்ணுக்குத் தெரியாது. 1/100 இல்ல 1/50 போடுங்க, பெரும்பாலும் பட்டை போயிரும்.