கதை நன்றாக இருந்தும் வாசலோடு திரும்புவது ஏன்? ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கான பரிசுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்கச் சிறுகதையைப் பற்றிப் பேச்செடுத்தால் கெய்ன் பரிசின் பெயர் வராமல் போகாது. 2000-இல் தொடங்கியது. ஒரு சிறுகதைக்கு 10,000 பவுண்டு. நைரோபியிலோ லாகோஸிலோ எழுத ஆரம்பிக்கும் இளைஞர் முதலில் கேள்விப்படுவதும் அநேகமாக இந்தப் பரிசைத்தான். முதல் தவறும் அங்கேயே நடந்துவிடுகிறது. எழுதி முடித்து, எங்கும் வெளிவராமல் பத்திரமாக வைத்திருந்த கதையை அங்கே அனுப்ப நினைக்கிறார். கெய்ன் பரிசுக்கு வெளியான கதைதான் செல்லும். அதையும் எழுதியவர் அனுப்ப முடியாது, வெளியிட்ட இதழோ பதிப்பகமோதான் அனுப்ப வேண்டும்.

காமன்வெல்த் சிறுகதைப் பரிசு இதற்கு நேர் எதிர். கதை எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது; அச்சில் மட்டுமல்ல, இணையத்திலும்தான். எழுதியவரே அனுப்பலாம், கட்டணம் கிடையாது. 2,000 சொல்லுக்குக் குறையக் கூடாது, 5,000-ஐத் தாண்டக் கூடாது. கெய்ன் பரிசுக்கோ 3,000 முதல் 10,000 வரை. ஆகவே 7,000 சொல்லில் ஒரு கதை முடிந்திருந்தால் அதைக் காமன்வெல்த்துக்காக வெட்டிச் சிதைக்க வேண்டாம். நல்ல இதழ் ஒன்றில் வெளியிட்டால் கெய்ன் பரிசின் பக்கம் அதற்கு வழி திறக்கும். ஆசையில் முழுக்கதையையும் முகநூலில் போட்டுவிட்டு, பிறகு வெளியாகாத கதை கேட்கும் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நண்பர்களின் கருத்து வேண்டுமென்றால் மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள்.

அடுத்தது யாருக்கு உரிய பரிசு என்பது. ‘ஆப்பிரிக்க எழுத்தாளர்’ என்று எல்லா அறிவிப்பும் சொல்லும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களைக் குறிக்கும். கெய்ன் பரிசின் விதி தாராளமானது. ஆப்பிரிக்காவில் பிறந்திருந்தாலோ, அங்குள்ள ஒரு நாட்டின் குடிமகனாக இருந்தாலோ, தாய் தந்தையரில் ஒருவர் பிறப்பாலோ குடியுரிமையாலோ ஆப்பிரிக்கராக இருந்தாலோ போதும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளி எழுத்தாளரும், மொரீஷியஸ் குடியுரிமை உள்ள தமிழரும் இந்த வரையறைக்குள் வருகிறார்கள். நமக்கு இல்லை என்று அவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. 2013-இல் தொடங்கிய மைல்ஸ் மோர்லாண்ட் எழுத்து உதவித்தொகையோ விண்ணப்பிப்பவர் ஆப்பிரிக்காவில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பெற்றோர் இருவருமே அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லண்டனில் பிறந்து, தந்தை மட்டும் கானாவில் பிறந்த ஒருவருக்கு முன்னது திறக்கும், பின்னது திறக்காது.

காமன்வெல்த் பரிசில் ஆப்பிரிக்கா ஒரு மண்டலம், ஆனால் நுழைவதற்குக் காமன்வெல்த் கூட்டமைப்பில் உள்ள ஒரு நாட்டின் குடியுரிமைதான் கணக்கு. எத்தியோப்பியா, செனகல், எகிப்து எழுத்தாளர்களுக்கு அங்கே இடமில்லை. ஜிம்பாப்வே 2003-இல் காமன்வெல்த்தை விட்டு விலகியது. அத்தனை வளமான எழுத்து மரபு உள்ள நாட்டின் எழுத்தாளர்கள் அரசியல் முடிவு ஒன்றால் ஒரு வாய்ப்பை இழந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. மறுபக்கம், 2009-இல் ருவாண்டாவும் 2022-இல் காபோனும் டோகோவும் சேர்ந்தன. பழைய பட்டியலைப் பார்த்து ‘நம் நாடு இல்லை’ என்று விட்டுவிடாமல் இன்றைய பட்டியலைப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதினால்தான் நடக்கும் என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. காமன்வெல்த் பரிசுக்கு சுவாஹிலி, போர்த்துகீசியம், பிரெஞ்சு உட்படப் பல மொழிகளில் மூல வடிவத்திலேயே அனுப்பலாம். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. சுவாஹிலிக்கென்றே 2014-இல் ஒரு பரிசு உருவானது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் கென்யாவில் கூரைத் தகடு தயாரிக்கும் மபாத்தி நிறுவனமும் அதற்கு ஆதரவளித்தன. அச்சேறாத கையெழுத்துப் பிரதியையும் அது ஏற்றது. தாய்மொழியில் உயிரோடு இருக்கும் கதையை அரைகுறை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புகிறவர் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

பெயர் மாற்றங்களும் குழப்பும். மேலே சொன்ன சுவாஹிலிப் பரிசு முதலில் மபாத்தி–கார்னெல் பரிசு; பின்னாளில் மபாத்தியின் தாய் நிறுவனமான சஃபாலின் பெயருக்கு மாறியது. ஆப்பிரிக்கக் கவிதைக்கான புரூனெல் பரிசை 2012-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் பெர்னார்டின் எவரிஸ்டோ நிறுவினார், 2013-இல் கவிஞர் வார்சன் ஷயர் அதை முதலில் பெற்றார். இன்று அது எவரிஸ்டோவின் பெயரிலேயே வழங்கப்படுகிறது. பகிரப்படும் ‘இந்த ஆண்டின் 30 வாய்ப்புகள்’ போன்ற பட்டியல்களில் பாதி பழசாக இருக்கும். பட்டியலில் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியையும் விதியையும் பரிசு தருகிறவர்களின் சொந்தத் தளத்தில் படியுங்கள்.

நைஜீரியாவின் இலக்கியப் பரிசு தொகையில் பெரியது, 1,00,000 டாலர். இது நைஜீரியர்களுக்கு மட்டும். உரைநடைப் புனைவு, கவிதை, நாடகம், சிறுவர் இலக்கியம் என்று ஆண்டுக்கு ஒரு வகையாகச் சுழலும். 2022-இல் கவிதை, 2023-இல் நாடகம், 2024-இல் சிறுவர் இலக்கியம், 2025-இல் புனைவு. புத்தகத்தை எந்த ஆண்டில் வெளியிடுவது என்று முடிவுசெய்யும்போதே இந்தச் சுழற்சியைக் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: 2004, 2009, 2015 ஆண்டுகளில் இந்தப் பரிசு யாருக்குமே தரப்படவில்லை. தகுதியான நூல் இல்லையென்றால் நடுவர்கள் கையை விரித்துவிடுவார்கள். சொந்தச் செலவில் அவசரமாக அச்சிட்டு, எடிட்டர் கண்ணில் படாமல் அனுப்பும் புத்தகத்துக்கு அங்கே கருணை கிடைக்காது.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மேலே சொன்ன பெரிய பரிசுகளுக்குப் பணம் கட்டிக் கதை அனுப்ப வேண்டியதில்லை. எல்லாக் கட்டணமும் மோசடி என்று சொல்லவில்லை. ஆனால் முன்பு யார் வென்றார்கள், நடுவர்கள் யார், வென்ற கதைகள் எங்கே வெளிவந்தன என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத போட்டிக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். பரிசு வந்தபிறகு ‘தொகுப்பில் சேர்க்க நீங்களே பிரதிகள் வாங்க வேண்டும்’ என்றால் விலகிவிடுங்கள். அனுப்பும் எல்லாக் கதைக்கும், தோற்றாலும் உரிமை எங்களுக்கே என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒரு வரியால் கதையை நிரந்தரமாக இழந்தவர்கள் உண்டு.

நடுவருக்குப் பிடிக்கும் என்று எழுதுவது

எல்லாவற்றையும்விட என்னை வாட்டும் தவறு இதுதான். லண்டனில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்குப் பஞ்சமும் குழந்தைப் போராளியும் அகதி முகாமும்தான் வேண்டும் என்று கற்பித்துக்கொண்டு, தான் பார்த்திராத துயரத்தை எழுதுவது. இந்த ஐயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2001-இல் கெய்ன் பரிசு பெற்ற ஹெலோன் ஹபிலாவே 2013-இல், துயரத்தை அடுக்கிக் காட்டும் ஒரு ‘கெய்ன் அழகியல்’ உருவாகிறதோ என்று வெளிப்படையாகக் கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன்.

ஆனால் பிறகு வென்ற கதைகளைப் படித்துப் பாருங்கள். 2019-இல் லெஸ்லி நெகா அரிமா வென்ற கதை, மணமாகும்வரை பெண்களுக்கு ஆடை மறுக்கப்படும் ஒரு கற்பனைச் சமூகத்தில் நடக்கிறது. 2020-இல் இரெனோசென் ஒகோஜி, பாடகி கிரேஸ் ஜோன்ஸைப் போல வேடமிடும் ஒருத்தியைப் பற்றி எழுதி வென்றார். 2022-இல் கென்யாவின் இட்சா லுஹும்யோ எழுதியது, தன் கூந்தலில் மழையை வைத்திருக்கும் பெண்ணை. எந்தச் சூத்திரத்திலும் இவை அடங்கா. முந்தைய ஐந்தாறு ஆண்டுகளின் இறுதிப் பட்டியல் கதைகளைப் படிக்காமல் ‘அவர்களுக்கு இதுதான் பிடிக்கும்’ என்று சொல்வதே தவறு.

உள்ளூர் இதழை அலட்சியம் செய்வது

பெரிய பரிசுக்கு வெளிநாட்டு இதழ்தான் வழி என்ற எண்ணம் உறுதியாக வேரூன்றியிருக்கிறது. உண்மை வேறு. 2002-இல் கென்யாவின் பின்யவங்கா வைனைனா கெய்ன் பரிசு வென்றார். அந்தப் படைப்பு வெளியானது ஓர் இணைய இதழில். அடுத்த ஆண்டே நைரோபியில் ‘குவானி?’ இதழைத் தொடங்கினார். 2003-இல் பரிசு பெற்ற யுவோன் அதியாம்போ ஒவூரின் கதை வந்தது அந்தப் புத்தம் புதிய இதழில்தான்! 2014-இல் வென்ற ஒக்விரி ஒதுவோரின் கதையும், அதே இறுதிப் பட்டியலில் இருந்த எஃபேமியா செலாவின் கதையும் ‘ஷார்ட் ஸ்டோரி டே ஆஃப்ரிக்கா’ என்ற தென்னாப்பிரிக்க முயற்சியின் ஒரே தொகுப்பில் இருந்தவை. லுஹும்யோவின் மழைக் கதையும் அவர்கள் தொகுப்பில் வந்ததே.

உகாண்டாவின் ஜெனிஃபர் மகும்பி 2013-இல் ‘குவானி?’ நடத்திய நாவல் கையெழுத்துப் பிரதிப் போட்டியில் வென்றார். மறு ஆண்டு காமன்வெல்த் சிறுகதைப் பரிசின் ஒட்டுமொத்த வெற்றியாளரும் அவரே. பக்கத்து ஊர் இதழின் ஆசிரியர் கதையைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார், எழுதியவர் மாற்றி எழுதுவார். அந்த உழைப்பு கதையில் தெரியும்.

கதை அங்கே வெளியானதும் சும்மா இருந்துவிடக் கூடாது. சின்ன இதழ்களில் ஆள் குறைவு, பரிசுக்கு அனுப்பும் தேதி அவர்களுக்கு மறந்துபோகும். கதை வந்த அன்றே ஆசிரியருக்கு எழுதுங்கள்: இந்த ஆண்டு கெய்ன் பரிசுக்குக் கதைகள் அனுப்புகிறீர்களா, என் கதையைச் சேர்ப்பீர்களா, என் பிறப்பு, குடியுரிமை விவரங்கள் இவை, சொற்கள் இத்தனை. இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அனுப்பும் உரிமை அவர்களிடம் இருப்பதால் கேட்டே ஆக வேண்டும்.