துளையுள்ள நீள ஷாஃப்டை லேத்தில் ட்ரூ செய்ய எந்த சக்?

ட்ரூ செய்வது என்றால் ஜாப் (கடையும் பொருள்) ஆடாமல் மையத்தில் சுழலும்படி நிறுத்துவது. அதைப் பிடிக்கும் கருவிதான் சக். நீளமான ஷாஃப்டின் வெளிப்பக்கமும் உள்துளையும் ஒரே மையத்தில் இருக்கும் என்று நம்பி ஜாப்பை மாட்டுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆழத் துளை போடும்போது டிரில் சற்று விலகி ஓடும். அதனால் த்ரீ ஜா சக் (மூன்று ஜாவும், அதாவது பிடிகளும், ஒன்றாக நகரும் ஸ்க்ரோல் சக்) எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது வெளிப்பக்கத்தைத்தான் மையப்படுத்தும், துளையை அல்ல. போதாததற்கு, உழைத்த ஸ்க்ரோல் சக்கில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை அவுட் (மையம் விலகி ஆடும் அளவு) இருப்பது சகஜம். கோலெட் (ஜாப்பைச் சுற்றிக் கவ்வும் பிளவுள்ள குழல்) இதைவிடத் துல்லியம், ஆனால் அதுவும் வெளிப்பக்கத்தைப் பிடிப்பதுதான்.

தொடங்குபவர்கள் வாங்க வேண்டியது ஃபோர் ஜா இன்டிபென்டன்ட் சக். ஒவ்வொரு ஜாவுக்கும் தனி ஸ்க்ரூ இருப்பதால், பொறுமை இருந்தால் 0.01 மி.மீ.க்குள் கொண்டுவரலாம். பின்பிளேட்டில் அட்ஜஸ்ட் ஸ்க்ரூ உள்ள த்ரீ ஜா சக்கும் உண்டு. ஒரே அளவு ஜாப் வரிசையாக வந்தால் அது வசதி. மற்றபடி விலைக்கேற்ற பயன் இல்லை என்பது எங்கள் கணக்கு.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: ஷாஃப்ட் சக்கின் நடுத்துளையிலும் ஸ்பிண்டில் (சக் மாட்டும் சுழல் தண்டு) துளையிலும் தாராளமாக நுழைய வேண்டும், சக்கில் பொறித்த அதிகபட்ச ஆர்.பி.எம். உங்கள் வேகத்துக்கு மேல் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் பெரிய சக் ஸ்பிண்டிலுக்கு வீண் சுமை.

சக் மட்டும் போதாது. அது ஷாஃப்டை ஓரிடத்தில்தான் பிடிக்கிறது. ஸ்பிண்டிலின் பின்முனையில் நான்கு ஸ்க்ரூ உள்ள வளையம் ஒன்று வேண்டும். முன்பக்கம் சக், பின்பக்கம் வளையம் என்று இரண்டு இடத்தில் பிடித்தால்தான் சாய்வும் சரியாகும்.

1. லேத்தின் மெயின் சுவிட்சை அணைத்து கியரை நியூட்ரலில் வையுங்கள். சக் உட்காரும் முகத்தைத் துணியால் துடையுங்கள். அங்கே ஒட்டிய சின்னச் சிப்கூட சக்கைச் சாய்த்துவிடும்.

2. ஜாவுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே 3 மி.மீ. செம்புக் கம்பியை ஒரு சுற்று விடுங்கள். ஜா முழு நீளத்துக்கும் கவ்வினால், பின்வளையத்தின் ஸ்க்ரூவைத் திருப்பும்போது ஷாஃப்ட் சாயாமல் வளையும். கம்பி இருந்தால் அந்த இடத்தில் அசைந்துகொடுக்கும்.

3. சக் முகத்திலுள்ள வட்டக் கோடுகளைப் பார்த்து நான்கு ஜாவையும் ஒரே தூரத்தில் வைத்துப் பிடியுங்கள். பிறகு வெளிப்பக்கத்தில் டயல் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) வைத்து, கையால் சுற்றி, 1–3, 2–4 என ஜோடி ஜோடியாகப் பாருங்கள். 1-இல் 0.40, 3-இல் 0 என்றால் நகர்த்த வேண்டியது பாதி, அதாவது 0.20. முதலில் 3-ஐச் சற்றுத் தளர்த்தி, பிறகு 1-ஐ இறுக்குங்கள். எதிர் ஜாவைத் தளர்த்தாமல் இறுக்கினால் ஜாப் நகராது, நசுங்கத்தான் செய்யும்.

4. இப்போது லீவர் டயலை (சின்ன நெம்பு முனை உள்ள டயலை) துளைக்குள் விடுங்கள். டயல் முனை சுவரோடு ஏறத்தாழ இணையாகப் படியட்டும். சாய்வு கூடினால் ரீடிங் பொய் சொல்லும். இங்கே கணக்கு தலைகீழ்: டயல் ஏறும் பக்கத்துக்கு எதிர் ஜாவை இறுக்க வேண்டும். துளையின் வாயருகே உள்ள அவுட்டைச் சக்கால் எடுங்கள். 50 மி.மீ. உள்ளே உள்ளதைப் பின்வளையத்தின் ஸ்க்ரூவால் எடுங்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் கலையும். மாறி மாறிச் செய்தால் ஒவ்வொரு முறையும் பிழை குறையும்.

5. நான்கு ஜாவையும் சம அளவில் இறுக்கி, மறுபடி டயல் பாருங்கள்.

ஒரு சுற்றில் டயல் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினால் மையம் விலகியிருக்கிறது. இரண்டுமுறை ஏறி இறங்கினால் துளை முட்டை வடிவம். மெல்லிய சுவரை அதிகமாக நசுக்கியிருக்கலாம், பிடியைக் குறைத்துப் பாருங்கள். ஜாவைத் தட்டித் தட்டிச் சரிசெய்ய முயன்றால் தீராது.

முன்முனை சுழியத்தில் நின்றாலும் மறுமுனை ஆடலாம். துளையே நேராக இல்லாதபோது அது இயல்பு. வேலை நடக்கும் முனையை ட்ரூ செய்தால் போதும்.

ஓட்டும் முன் சக் கீயைச் சக்கிலிருந்து எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஷாஃப்ட் பின்னால் நீண்டு தொங்கினால் அதிவேகத்தில் அது வளைந்து சுழற்றி அடிக்கும். அந்த முனைக்குத் தாங்கல் கொடுங்கள், குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். அந்த முனையின் வேலை முடியும்வரை ஜாப்பைக் கழற்றாதீர்கள். கழற்றினால் மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.