மானை ஊதி வரவழைக்க முடியுமா?

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் அக்கா மகன் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, பையிலிருந்து ஒரு கறுப்புக் குழலை எடுத்துக் காட்டினான். "மாமா, இதை ஊதினால் மான் தானாகவே நம்மைத் தேடி வருமாம்." இணையத்தில் வாங்கியிருக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து ஊதினான். சளி பிடித்த பன்றி உறுமுவதைப் போல ஒரு சத்தம் வந்தது. எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

அவனுக்கு வேட்டை ஆசை இல்லை, கேமரா ஆசைதான். ஏற்காட்டு மலையடிவாரத்தில் போய் ஊதினால் கொம்புள்ள கலைமான், அதாவது ஆண் மான், ஒன்று எதிரே வந்து நிற்கும் என்று நம்பிக்கொண்டிருந்தான். அமெரிக்க வேட்டைக்காரர்களின் காணொளிகளைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. அந்தக் காணொளிகளைப் பொய் என்று சொல்லமாட்டேன். அவை வேறொரு மானைப் பற்றியவை.

வட அமெரிக்காவில் வெள்ளைவால் மான் என்றொரு இனம் உண்டு. அங்கே பகல் பொழுது குறுகத் தொடங்கியதும் கலைகளுக்கு இணைசேரும் வேகம் பிடிக்கிறது. வட மாநிலங்களில் நவம்பர் மாதம் அதன் உச்சம். அப்போது பிணையின், அதாவது பெண் மானின், பின்னால் திரியும் கலை தாழ்ந்த குரலில் உறுமும். அந்த உறுமலைத்தான் குழல் போலி செய்கிறது. இரண்டு கொம்புகளை மோதவிட்டுச் சண்டைச் சத்தம் எழுப்புவது இன்னொரு முறை. எவனோ தன் இடத்தில் புகுந்துவிட்டான் என்று எண்ணிக் கலை பார்க்க வரும். ஐரோப்பாவில் ரோ மான் என்ற சிறிய மானுக்கு ஜூலை, ஆகஸ்ட்டில் இலையை உதட்டில் வைத்து ஊதிப் பிணையின் குரலை எழுப்புவது பழைய வழக்கம்.

ஆக, அழைப்பு உதவும். ஆனால் அந்த இனத்துக்கு, ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும். அங்கேயே பலர் கோட்டைவிடுவது மூன்று இடங்களில். பருவம் தவறி ஊதுவது ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதிக்கொண்டே இருப்பது இன்னொன்று. எந்த மானும் அப்படி ஓயாமல் பேசுவதில்லை. ஏற்கெனவே நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும் மானுக்கும் ஊதினால், சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அது துல்லியமாகக் கண்டுபிடித்துவிடும். மூன்றாவது, காற்றை மறப்பது. சத்தம் கேட்டு வரும் கலை நேராக வருவதில்லை. சுற்றி வளைத்து, நம் வாடை அடிக்கும் பக்கமாக வந்து மோந்து பார்க்கும். காது சொன்னதை மூக்கு ஒப்புக்கொண்டால்தான் அடுத்த அடி வைக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். மான் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. புள்ளிமான் கூட்டமாக வாழ்வது. அதற்கு வெள்ளைவால் மானைப் போலக் கறாரான ஒற்றைப் பருவம் கிடையாது. ஒரே கூட்டத்தில் ஒரு கலைக்குக் கொம்பு முற்றியிருக்கும், இன்னொன்றுக்கு அப்போதுதான் மென்தோல் போர்த்து முளைத்துக்கொண்டிருக்கும். கலைகளின் முழக்கம் தென்னிந்தியாவில் கோடையில்தான் கூடுதலாகக் கேட்கும்; அதற்கும் அந்தக் குழலின் உறுமலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கடமான் பெரும்பாலும் இரவில் நடமாடுவது. சருகுமானோ இருக்கும் இடமே தெரியாமல் இருக்கும். இவற்றின் காதில் அமெரிக்க உறுமல் விழுந்தால், நடுச்சாமத்தில் நம் வாசலில் யாரோ ஜப்பானிய மொழியில் கூப்பிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

பழந்தமிழ் வேட்டுவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அவர்கள் குரலை மட்டும் நம்பவில்லை. உயிருள்ள மானையே பழக்கி வைத்துக்கொண்டு காட்டு மானை இழுத்தார்கள். அப்படிப் பழக்கிய விலங்குக்குப் 'பார்வை' என்று பெயர். 'மான் காட்டி மான் பிடிப்பது' என்று, மனித வடிவில் வந்து மனிதரை ஆட்கொள்ளும் குருவுக்குச் சைவர்கள் உவமை சொல்வதும் இதிலிருந்து வந்ததுதான். மானை ஏமாற்ற வேண்டுமானால் கண், காது, மூக்கு மூன்றையும் ஏமாற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குழல் வேண்டாம், கைப்பேசியில் புள்ளிமான் குரலையே ஒலிக்கவிடுகிறேன் என்பார்கள் சிலர். குழலைவிட இது மோசமான யோசனை. மான் குரல் என்று பதிவாகிக் கிடப்பவற்றில் பல, எச்சரிக்கைக் குரல்கள். சிறுத்தையையோ செந்நாயையோ கண்ட மான், தன் கூட்டத்துக்குச் சொல்லும் சேதி அது. அதை ஒலிக்கவிட்டு மானை வரவழைப்பது, 'தீ, தீ' என்று கத்திவிட்டு விருந்துக்கு ஆள் வரவில்லையே என்று காத்திருப்பதைப் போன்றது. மேய்ச்சலை விட்டுவிட்டுக் கூட்டம் முழுதும் காதை நிமிர்த்தி நிற்கும். சினைமானும் குட்டியும் வீணாக ஓடும். ஒரு படத்துக்காக இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் பரவலாக இருக்கிறது. சுட்டால்தான் வேட்டை என்று நினைக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டிச் சிக்கவைப்பது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். மானை வேட்டையாட இங்கே பருவமும் இல்லை, உரிமச் சீட்டும் இல்லை, அகப்பட்டால் சிறை. "தாத்தா காலத்தில் மான்கறி சாப்பிட்டோம்" என்ற கதை வழக்கில் உதவாது. கேமராவோடு போகிறவருக்கும் விலக்கு இல்லாத இடம் ஒன்று உண்டு: அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்கும் இளைஞர்களுக்கு இது தெரிவதே இல்லை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இங்கே காப்பித் தோட்டங்களுக்குள் காட்டெருமை சர்வ சாதாரணமாக வந்து நிற்கும். அந்தி நேரத்தில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒளிந்து உட்கார்ந்துகொண்டு மானுக்காக ஊதுகிறவன், தன் முதுகுக்குப் பின்னால் அரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்று நிற்பதைக் கவனிக்கமாட்டான். அசையாமல் உட்காருவது நல்ல பழக்கம்தான். எங்கே உட்காருகிறோம் என்பதைத் தோட்டத்து ஆட்களிடம் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

ஊதுவதை விட்டுவிட்டுக் கேட்கப் பழகினால், மான் தன்னாலேயே நமக்குச் சேதி சொல்லும். புள்ளிமானின் எச்சரிக்கை உச்சக்குரலில், சட்டென்று வெட்டுவதுபோல் வரும். அது எளிதில் மிரளும். ஒரு குரலை வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது. கடமான் அப்படி இல்லை. 'டாங்க்' என்று தகரத்தை அடித்ததுபோல் அது குரல் கொடுத்து, முன்னங்காலால் தரையைத் தட்டினால், கண்ணெதிரே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

காற்றுக்கும் மலையில் ஒரு கணக்கு உண்டு. காலையில் வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேல்நோக்கி ஏறும். அந்தியில் குளிர்ந்து கீழே இறங்கும். காலையில் மானுக்கு மேலே, மாலையில் கீழே இருந்தால் நம் வாடை அதை எட்டாது. பெரும்பாலானோர் மாலையில் காட்சிமுனையில் ஏறி நின்றுகொண்டு, கீழே ஒரு மானும் இல்லையே என்பார்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வேறு வருவார்கள்.

அக்கா மகனை அடுத்த வாரமே ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். குழல் வீட்டிலேயே இருந்தது. நண்பர் ஒருவரின் தோட்டத்து வீட்டு முற்றத்தில், இருட்டும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மலைச்சரிவில் 'பௌ' என்று ஒரு குரல். சற்று நேரம் விட்டு மறுபடியும். நிறுத்தாமல் கால்மணி நேரம்.

"தோட்டத்து நாய் போலிருக்கிறது, மாமா" என்றான்.

"அது கேளையாடு. மான்தான்" என்றேன். அதன்பிறகு அவன் கைப்பேசியைத் தொடவே இல்லை.